இரண்டாவது ஆளின் உண்மை

2016 ஏப்ரலில் லக்சம்பர்க் நீதிமன்றம் ஒன்றில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் மீது வழக்கு நடந்தது. இரண்டு பேர் பிடபிள்யூசி என்ற பெரிய தணிக்கை நிறுவனத்தின் லக்சம்பர்க் கிளையில் வேலை பார்த்தவர்கள். மூன்றாமவர் எதுவார் பெரான் என்ற பத்திரிகையாளர். குற்றச்சாட்டு திருட்டு, தொழில் ரகசியத்தை மீறியது, இன்னபிற. திருடப்பட்டது பணம் அல்ல, காகிதம்.

முதல் ஆள் ஆண்ட்வான் டெல்துர். 2010 அக்டோபரில் வேலையை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய நாள், பயிற்சிக் கோப்புகளைப் பிரதி எடுக்கப் போனவர், பக்கத்திலேயே திறந்து கிடந்த வேறு கோப்புகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். மொத்தம் 45,000 பக்கம். அதில் பன்னாட்டு நிறுவனங்களுக்காக லக்சம்பர்க் வரித்துறையிடம் முன்கூட்டியே பேசி வாங்கிய வரி ஒப்பந்தங்கள் இருந்தன. அவை பெரானிடம் போய்ச் சேர்ந்து, 2012 மே மாதம் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வந்தன. 2014 நவம்பரில் 'லக்ஸ்லீக்ஸ்' என்ற பெயரில் உலகம் முழுக்க வெடித்தன. 340க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பெயர்கள் அதில் இருந்தன. 1995 முதல் 2013 வரை லக்சம்பர்க்கின் பிரதமராக இருந்த ழான்-குளோத் யுங்கர் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராகப் பொறுப்பேற்று ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

இரண்டாவது ஆள் ரஃபாயேல் ஹாலே. 2012இல் அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சி வந்த பிறகு பெரானைத் தானாகவே தொடர்புகொண்டவர். பதினான்கு வரிக் கணக்குகள், இரண்டு முகப்புக் கடிதங்கள், ஆக பதினாறு ஆவணங்கள் கொடுத்தார். அவ்வளவுதான்.

பல வருடம் பல படிகளில் வழக்கு நடந்தது. பத்திரிகையாளர் விடுதலையானார். டெல்துருக்கு முதலில் கிடைத்த பன்னிரண்டு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை மேல்முறையீட்டில் ஆறு மாதமானது. 2018இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. ஹாலேக்கு முதலில் விதித்த நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை மேல்முறையீட்டில் போனது. ஆனால் 1,000 யூரோ அபராதம் நின்றுவிட்டது. ஒரே நிறுவனம், ஒரே பத்திரிகையாளர், ஒரே விசாரணை. ஒருவர் விசில்புளோயர், இன்னொருவர் குற்றவாளி.

ஏன்? லக்சம்பர்க் நீதிமன்றம் சொன்ன காரணத்தை என் வார்த்தையில் சொன்னால் இதுதான்: ஹாலே கொடுத்த ஆவணங்கள் புதிதாக எதையும் சொல்லவில்லை. முதல் ஆள் சொல்லியாகிவிட்டது. பொதுமக்களுக்குக் கிடைத்த பயன் குறைவு, நிறுவனத்துக்கு நேர்ந்த பாதிப்பு அதிகம். ஆகவே பாதுகாப்பு இல்லை.

இந்த வாதத்தை முதல்முறை படித்தபோது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தராசில் இரண்டு பக்கமும் வைத்துப் பார்ப்பதில் என்ன தப்பு? யோசிக்க யோசிக்கத்தான் அது எவ்வளவு விபரீதமான கேள்வியை ஒரு ஊழியன் தலையில் கட்டுகிறது என்று புரிந்தது. உண்மை சொல்வதற்கு முன், என் உண்மை போதுமான அளவு பெரிய உண்மைதானா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

*

இந்தத் தராசு வந்த இடம் மால்டோவா. யாகோப் குஜா என்பவர் அந்நாட்டின் தலைமை அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் பத்திரிகைத் தொடர்புப் பிரிவுக்குத் தலைவர். குற்றவியல் வழக்கு ஒன்றில் அரசியல்வாதி தலையிடுவதைக் காட்டும் இரண்டு கடிதங்களை ஒரு பத்திரிகைக்குக் கொடுத்தார். 2003இல் வேலை போனது. ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2008 பிப்ரவரியில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பேச்சுரிமை அலுவலக வாசலில் நின்றுவிடுவதில்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அதோடு ஆறு கேள்விகளையும் அந்த நீதிமன்றம் வகுத்துக் கொடுத்தது. வேறு வழி இருந்ததா? தகவலில் பொதுநலன் உண்டா? தகவல் உண்மையானதா? நிறுவனத்துக்கு எவ்வளவு பாதிப்பு? சொன்னவர் நல்லெண்ணத்தோடு சொன்னாரா? அவருக்குக் கிடைத்த தண்டனை எவ்வளவு கடுமையானது?

2011இல் பெர்லினில் முதியோரைப் பராமரிக்கும் செவிலியர் பிரிகிட்டே ஹைனிஷ் வழக்கில் இதே கேள்விகள்தான். போதுமான ஆட்கள் இல்லாமல் முதியவர்கள் சரியாகக் கவனிக்கப்படவில்லை என்று நிர்வாகத்திடம் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் குற்றவியல் புகார் கொடுத்தார். வேலையை விட்டு நீக்கினார்கள். ஜெர்மன் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது சரி என்றது. ஸ்ட்ராஸ்பூர்க் தப்பு என்றது.

குஜாவும் ஹைனிஷும் இந்தத் தராசில் எளிதாகத் தேறிவிடுகிறார்கள். அவர்கள் சொன்னது பெரியது, புதியது. ஹாலேயிடம்தான் தராசு தடுமாறியது. 2021 மே மாதம் அதே ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் ஐந்து பேர் லக்சம்பர்க் செய்தது சரி என்றார்கள். 2023 பிப்ரவரி 14 அன்று பெரிய அமர்வு அதைத் திருப்பிப் போட்டது. பதினேழு பேரில் பன்னிரண்டு பேர் ஹாலே பக்கம். பொது விவாதம் என்பது ஒரு நாளில் தொடங்கி மறுநாள் முடிகிற விஷயம் இல்லை, அது நடந்துகொண்டே இருப்பது, ஏற்கெனவே தெரிந்த ஒன்றை உறுதிப்படுத்துகிற தகவலுக்கும் அதில் இடம் உண்டு என்பது அந்தத் தீர்ப்பு சென்ற திசை. நஷ்டஈடு 15,000 யூரோ, வழக்குச் செலவுக்கு 40,000.

இன்னொன்றையும் அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொண்டது. லக்ஸ்லீக்ஸில் வெளிவந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்டவை. யாரும் சட்டத்தை உடைக்கவில்லை. சட்டமே அப்படித்தான் இருந்தது. ஆனால் சட்டப்படி சரியாக இருக்கிற ஒன்றைப் பற்றியும் மக்கள் விவாதிக்க வேண்டியிருக்கலாம். இது சாதாரண ஒப்புதல் அல்ல. குற்றத்தைக் காட்டிக்கொடுப்பவனுக்கு மட்டும்தான் பாதுகாப்பு என்றால், எது குற்றம் என்பதை எழுதுகிறவர்களை யாரும் கேள்வி கேட்க முடியாது.

*

'காட்டிக்கொடுப்பவன்' என்று எழுதினேன், கவனித்தீர்களா? இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததிலிருந்து எனக்கு இதுதான் தொல்லை. தமிழில் இதற்கு வசை கலக்காத வார்த்தை தேடினால் கிடைக்க மாட்டேன் என்கிறது. போட்டுக்கொடுப்பது, வத்தி வைப்பது, கோள் சொல்வது, எட்டப்பன் வேலை. உண்ட வீட்டுக்கு ரெண்டகம்.

நாம் மட்டும் இப்படி இல்லை. சொந்தக் கூட்டை அசிங்கப்படுத்தும் பறவை என்ற பொருளில் ஜெர்மனில் ஒரு வசைச்சொல் உண்டு. ரகசியப் போலீஸுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி எழுதிக் கொடுத்தவர்களின் நினைவு கிழக்கு ஐரோப்பாவில் இன்னும் ஆறவில்லை. அங்கே 'தகவல் கொடுப்பவர்' என்றாலே முகம் சுளிக்கும். அதனால்தான் அந்த மொழிகளெல்லாம் முயற்சி எடுத்துப் புதுச் சொல்லைப் பழக்கப்படுத்த வேண்டியிருந்தது. டச்சுக்காரர்கள் 'மணி அடிப்பவர்' என்கிறார்கள். பிரெஞ்சில் 'எச்சரிக்கை விடுப்பவர்'. அந்தச் சொல் 1990களில் சமூகவியலாளர்களிடமிருந்து வந்தது.

நம் மரபில் இடித்துரைப்பவருக்கு இடம் இல்லாமல் இல்லை. இடித்துச் சொல்ல ஆள் இல்லாத அரசன் எதிரியே இல்லாமலும் அழிவான் என்பது வள்ளுவர் கட்சி. ஆனால் அந்த இடித்துரைப்பு சபைக்குள், அரசன் முகத்துக்கு நேராக நடக்க வேண்டும். உள்ளே சொன்னால் அமைச்சர், வெளியே சொன்னால் துரோகி. வீடணனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் முதலில் உள்ளேதான் சொன்னான். அண்ணனிடம், சபையில், திரும்பத் திரும்ப. துரத்தப்பட்ட பிறகுதான் வெளியே போனான். இன்றைய சட்ட மொழியில் சொன்னால் உள்முறையீட்டை முடித்துவிட்டே வெளிமுறையீட்டுக்குப் போனவன். ஆனாலும் பட்டிமன்றத்தில் கைத்தட்டல் கும்பகர்ணனுக்குத்தான். தப்பு என்று தெரிந்தும் செஞ்சோற்றுக் கடனுக்காகச் செத்தவன் மேல் நமக்குக் கண்ணீர் வருகிறது. தப்பு என்று சொல்லிவிட்டுப் பிழைத்தவன் மேல் சந்தேகம்தான் வருகிறது.

இந்த உணர்ச்சியை முட்டாள்தனம் என்று நான் ஒதுக்க மாட்டேன். விசுவாசம் இல்லாமல் நாலு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்ய முடியாது. மீட்டிங்கில் நான் அரைகுறையாகச் சொல்லும் யோசனை நாளைக்குப் பத்திரிகையில் வரும் என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். ஆனால் செஞ்சோற்றுக் கடன் என்ற கருத்து ஒரு விஷயத்தை மறைக்கிறது: சோறு யாருடையது? ஹைனிஷுக்குச் சம்பளம் கொடுத்தது நிர்வாகம். ஆனால் அந்த நிர்வாகம் இருப்பதே படுக்கையில் கிடந்த முதியவர்களுக்காகத்தான். அவர் அவர்களுக்கு விசுவாசமாக இருந்தார். நிறுவனம் எதற்காக இருக்கிறதோ அதற்கு விசுவாசமாக இருப்பதும், நிறுவனத்தை நடத்துபவர்களுக்கு விசுவாசமாக இருப்பதும் பெரும்பாலான நாட்களில் ஒன்றுதான். இரண்டும் பிரிகிற நாளில்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம்.

*

அப்படி மாட்டிக்கொண்டவர்களில் என்னை அதிகம் தொந்தரவு செய்பவர் ஸ்டான்லி ஆடம்ஸ். மால்டாவில் பிறந்தவர். சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் ஹாஃப்மன்-லா ரோஷ் மருந்து நிறுவனத்தில் பொறுப்பான பதவியில் இருந்தார். வைட்டமின் சந்தையில் நிறுவனம் போட்டியை நசுக்கும் விதத்தைப் பற்றி 1973இல் ஐரோப்பிய ஆணையத்துக்கு எழுதினார். தன் பெயர் வெளியே வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. அந்த விசாரணையின்போது சில ஆவணங்களின் பிரதிகள் ரோஷ் கைக்குப் போயின. ஆவணத்தில் பெயர் இல்லை. ஆனால் அந்த ஆவணம் யார் கையில் இருந்திருக்க முடியும் என்பது அதைப் பார்த்தாலே தெரிந்தது.

1974 டிசம்பர் 31 அன்று ஆடம்ஸ் குடும்பத்தோடு சுவிஸ் எல்லையைக் கடக்கும்போது கைது செய்யப்பட்டார். பொருளாதார உளவு என்பது குற்றச்சாட்டு. அவருக்கு இருபது வருடம் சிறை கிடைக்கலாம் என்று அவர் மனைவியிடம் சொல்லப்பட்டது. மனைவி தற்கொலை செய்துகொண்டார். இறுதிச் சடங்குக்குப் போக ஆடம்ஸுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1976இல் ஆணையம் அவர் கொடுத்த தகவலை வைத்து ரோஷுக்கு அபராதம் போட்டது. அதே தகவலைக் கொடுத்ததற்காக சுவிஸ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது.

ஆடம்ஸ் ஆணையத்தின் மீது வழக்குப் போட்டார். 1985 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: ரகசியத்தைக் காக்க வேண்டிய கடமையில் ஆணையம் தவறிவிட்டது. ஆவணத்தை வைத்து அவரைக் கண்டுபிடிக்க முடியும் என்பதை அவரும் ஆணையத்திடம் சொல்லியிருக்க வேண்டும், ஆபத்து தெரிந்தும் சுவிட்சர்லாந்துக்குத் திரும்பிப் போயிருக்கக் கூடாது. ஆகவே பொறுப்பு பாதிக்குப் பாதி.

பாதிக்குப் பாதி! சட்டமாக அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு பக்கம் கண்டம் அளவுக்கு ஒரு நிறுவனம், மறுபக்கம் ஒரு ஆள். அந்த இரண்டு பேருக்கும் கவனக்குறைவை ஒரே தராசில் நிறுப்பது எனக்கு ஜீரணமாகவில்லை. சுவிட்சர்லாந்து இன்றைக்கும் தனியார் ஊழியர்களுக்கு இப்படி ஒரு பாதுகாப்புச் சட்டம் செய்யவில்லை. 2020 மார்ச்சில் அப்படியொரு மசோதா அவர்கள் நாடாளுமன்றத்தில் தோற்றுப்போனது.

*

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பொதுச் சட்டத்துக்கு வந்து சேர ஆடம்ஸ் கைதாகி நாற்பத்தைந்து வருடம் ஆனது. 2019 அக்டோபரில் வந்த நெறியாணை, எண் 2019/1937. ஐம்பது அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் இருந்தால் புகார் கொடுக்க உள்வழி ஒன்று இருக்க வேண்டும். புகார் கிடைத்தது என்று ஏழு நாளில் பதில் போக வேண்டும். என்ன நடவடிக்கை என்று மூன்று மாதத்தில் சொல்ல வேண்டும். உள்ளே சொல்லிவிட்டுத்தான் அரசு அமைப்பிடம் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பத்திரிகைக்குப் போவதற்கு மட்டும் நிபந்தனைகள் உண்டு.

அதில் எனக்கு முக்கியமாகப் படுபவை இரண்டு. ஒன்று, சொன்னவரின் உள்நோக்கம் கணக்கில் வராது. மேனேஜர் மேல் கோபத்தில் சொன்னீர்களா, மனசாட்சி உறுத்திச் சொன்னீர்களா என்பது பாதுகாப்புக்குப் பொருட்டில்லை. நீங்கள் சொல்வது உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் போதும். குஜாவின் 'நல்லெண்ணம்' என்ற கேள்வி இங்கே கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. நல்லதுதான். கட்டடத்தில் தீப்பிடித்திருக்கிறது என்று கத்துகிறவனுக்கு வீட்டுக்காரர் மேல் பழைய பகை இருந்தால் நெருப்பு சுடாமல் இருக்குமா? தெரிந்தே பொய் சொல்கிறவருக்குத் தண்டனை தனியாக இருக்கிறது. உண்மை சொல்கிறவரின் மனதைத் தோண்ட வேண்டியதில்லை.

இரண்டாவது, நிரூபிக்கும் பொறுப்பு இடம் மாறுகிறது. புகார் கொடுத்தவருக்கு வேலை போனால், 'புகார் கொடுத்ததால்தான் நீக்கினார்கள்' என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. 'வேறு நியாயமான காரணத்துக்காக நீக்கினோம்' என்று நிறுவனம் நிரூபிக்க வேண்டும். யாரும் ஒருவரை 'நீ உண்மை சொன்னாய், வெளியே போ' என்று நீக்குவதில்லை. அப்ரைசலில் மார்க் குறையும். ப்ராஜெக்ட் மாறும். மீட்டிங் அழைப்பு வராமல் போகும். எல்லாவற்றுக்கும் காகிதத்தில் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காகிதங்கள் எல்லாம் நிறுவனத்திடம்தான் இருக்கின்றன.

இந்தச் சட்டம் எனக்குத் தெரியவந்தது படிப்பு வழியாக அல்ல, வேலை வழியாக. ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவருக்காக இந்தப் புகார் வழியை மென்பொருளாகச் செய்த டீமில் சில மாதம் இருந்தேன். ஏழு நாளும் மூன்று மாதமும் சுலபம், டைமர் வைத்து மெயில் அனுப்பினால் முடிந்தது. கஷ்டம் வேறு இடத்தில். பெயர் கேட்காமல் புகார் வாங்கலாம், ஆனால் சர்வர் லாகில் ஐபி முகவரி பதிவாகும். இணைக்கிற வேர்ட் கோப்பின் உள்ளே எழுதியவர் பெயர் இருக்கும். இதையெல்லாம் அழித்துவிடலாம். எழுதுகிற ஆங்கிலத்தை எப்படி அழிப்பது? 'மார்ச் 3 மீட்டிங்கில் சொன்னார்கள்' என்று எழுதினால், அந்த மீட்டிங்கில் இருந்ததே நாலு பேர். டீமில் ஒரு பெண் கேட்டாள்: "அட்மின் மேலயே புகார் வந்தா அது யாருக்குப் போகும்?" அன்றைக்கு முழுக்க அதற்கு ஒரு படம் வரைந்துகொண்டிருந்தோம். ஆடம்ஸின் ஆவணம்தான் இது, வேறு வடிவத்தில். அடையாளம் பெயரில் இல்லை, விஷயத்திலேயே ஒட்டியிருக்கிறது. ஒரு உண்மையை அறிந்தவர்கள் எவ்வளவு குறைவோ, அதைச் சொல்பவர் அவ்வளவு நிர்வாணமாக நிற்கிறார்.

அதனால்தான் ஸ்வீடன்காரர்களின் பழைய வழி எனக்குப் பிடித்திருக்கிறது. 1766இலிருந்து அங்கே பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. இன்றைய வடிவத்தில் அது அரசு ஊழியர் பத்திரிகைக்குத் தகவல் கொடுப்பதைக் காக்கிறது. கூடவே ஒரு தடையும் விதிக்கிறது: தகவல் கொடுத்தது யார் என்று அரசு அலுவலகம் தேடவே கூடாது. சில விதிவிலக்குகள் தவிர, தேடுவதே குற்றம். ஒளிந்துகொள்ளும் வேலையை ஊழியன் தலையில் போடாமல், தேடாமல் இருக்கும் வேலையை அதிகாரத்தின் தலையில் போடுகிறார்கள்.

ஒன்றியத்தின் சட்டத்துக்கு ஓட்டைகளும் நிறைய. தேசப் பாதுகாப்பு விவகாரங்களை அது தொடுவதில்லை. ஒன்றியத்தின் சட்டங்கள் மீறப்படும்போதும், அவற்றின் நோக்கம் முறியடிக்கப்படும்போதும்தான் அது பேசும். சட்டத்துக்கு உட்பட்ட அநியாயத்துக்கு ஸ்ட்ராஸ்பூர்க் திறந்த கதவு இங்கே அவ்வளவு அகலமாக இல்லை. நாடுகளுக்கும் அவசரம் இல்லை. 2021 டிசம்பர் கெடுவைப் பெரும்பாலானவை தவறவிட்டன. ஜெர்மனியின் சட்டம் 2023 ஜூலையில்தான் அமலுக்கு வந்தது, போலந்தினுடையது 2024 செப்டம்பரில். 2025 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் தாமதத்துக்காக ஐந்து நாடுகளுக்கு அபராதம் போட்டது. ஜெர்மனிக்கு மட்டும் 3.4 கோடி யூரோ. அந்த ஐந்தில் லக்சம்பர்க்கும் ஒன்று.

*

விமானத் துறையில் இன்னொரு உதாரணம் உண்டு. ஐரோப்பாவில் விமானிகளும் கட்டுப்பாட்டு அறை ஊழியர்களும் பாதுகாப்பைப் பாதிக்கும் சம்பவங்களை, தங்கள் தவறுகள் உட்பட, அறிக்கை கொடுக்க வேண்டும். 2014இல் வந்த ஒரு ஒழுங்குமுறைச் சட்டம், வேண்டுமென்றோ படுமோசமான அலட்சியத்தாலோ செய்யாதவரை, அதற்காக அவர்களைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. எங்கள் மென்பொருள் துறையிலும் சர்வர் விழுந்தால் 'யார்' என்று கேட்காமல் 'எப்படி' என்று மட்டும் கேட்டு அறிக்கை எழுதும் வழக்கம் இருக்கிறது. யாரும் இதைத் துரோகம் என்பதில்லை. இதற்குப் பெயர் நல்ல நிர்வாகம்.

அப்படியானால் தகவல் வெளியே வருவதை நிறுவனங்கள் வெறுப்பதில்லை. கீழே இருப்பவன் தன் தவறைச் சொன்னால் பாராட்டுகின்றன. மேலே இருப்பவன் தவறை அவன் சொன்னால்தான் ரகசியம், விசுவாசம், குடும்பம் என்ற சொற்களெல்லாம் வெளியே வருகின்றன. இதைப் பார்த்த பிறகு அந்தச் சொற்களை முன்போல் நம்புவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

விசில்புளோயரை நாயகனாக்குவதும் எனக்கு உவப்பாக இல்லை. டெல்துருக்கு 2015இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் குடிமக்கள் விருது கிடைத்தது. அடுத்த வருடம் தண்டனை கிடைத்தது. விருது ஒரு கையும் தண்டனை ஒரு கையுமாக இருந்தாலும் இரண்டும் அவரை நம்மிடமிருந்து பிரித்து வைப்பதில் ஒற்றுமையாக இருக்கின்றன. அவர் மாமனிதர், ஆகவே செய்தார். நாம் சாதாரண ஆட்கள், இஎம்ஐ இருக்கிறது, பிள்ளைகள் இருக்கின்றன, நமக்கெதுக்கு வம்பு. நாயகனைக் கும்பிடுவது மௌனத்துக்கு நல்ல சாக்கு.

சட்டத்தின் வேலை நாயகர்களைக் காப்பது அல்ல. அவர்கள் சட்டம் இல்லாமலும் பேசிவிடுவார்கள், பேசிவிட்டு அழிவார்கள். சட்டம் காக்க வேண்டியது சுமாரான தைரியம் உள்ளவரை. முதல் ஆள் பேசியதை டிவியில் பார்த்துவிட்டு, 'என்னிடமும் கொஞ்சம் இருக்கிறது' என்று போன் செய்கிறவரை. அவர் கையில் 45,000 பக்கம் இருக்காது, பதினாறு காகிதம் இருக்கும். முதல் ஆள் சொல்லும்போது 'அவர் கசப்பில் சொல்கிறார், அதிருப்தியாளர்' என்று ஒதுக்கிவிட முடியும். இரண்டாவது ஆள் அதையே சொல்லும்போது ஒதுக்குவது கடினம். மூன்றாவது ஆளும் வந்துவிட்டால் அது ஒரு தனிமனிதரின் கதையாக இருப்பதே நின்றுவிடுகிறது. புதிதாக ஒன்றும் சொல்லவில்லை என்று லக்சம்பர்க் நீதிமன்றம் குறையாகச் சொன்னது எதுவோ, அதுதான் இரண்டாவது ஆளின் மதிப்பு என்று நான் நினைக்கிறேன்.

இதையெல்லாம் சட்டம் முழுக்கச் செய்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஹாலே 2012இல் காகிதம் கொடுத்தார், 2014 கடைசியில் வேலை போனது, 2023இல் 15,000 யூரோ வந்தது. நடுவே போன வருடங்களுக்குக் கணக்கு இல்லை. எந்த நெறியாணையும் மதியச் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அந்த வேலை சட்டத்துடையது அல்ல, கூட வேலை பார்ப்பவர்களுடையது. பேசத் துணியாத நம்மில் பெரும்பாலோருக்கும் முடிகிற காரியம் அது ஒன்றுதான். பேசியவர் தனியாகச் சாப்பிடாமல் பார்த்துக்கொள்வது.